நெருக்கடி பேசிய பேரம்: தென்கொரியா, 1998

பொருளாதார நெருக்கடி வந்தால் தொழிலாளர் பாதுகாப்புகள் வெட்டப்படும் என்பது நாம் வழக்கமாகச் சொல்லிவரும் வாசகம். நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். தென்கொரிய அனுபவத்தைப் படித்தபிறகு அது பாதி உண்மை என்றே படுகிறது. அங்கே நெருக்கடி ஒன்றைப் பறித்தது, இன்னொன்றைக் கொடுத்தது. இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில்.

1996 டிசம்பர் 26 விடியற்காலையில், எதிர்க்கட்சிகளுக்குத் தெரியாமல் கூடிய ஆளுங்கட்சி உறுப்பினர்கள், ஆட்குறைப்பை எளிதாக்கும் சட்டத் திருத்தத்தைச் சில நிமிடங்களில் நிறைவேற்றினார்கள். பொது வேலைநிறுத்தம் வெடித்தது. 1997 மார்ச்சில் ஆட்குறைப்புப் பிரிவு இரண்டாண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியிலேயே நாணய நெருக்கடி. டிசம்பரில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன், நிபந்தனைகளோடு. 1997இல் 2.6 சதவீதமாக இருந்த வேலையின்மை 1998இல் ஏறக்குறைய 7 சதவீதமானது.

1998 பிப்ரவரியில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் அடங்கிய முத்தரப்புக் குழு உடன்பாடு கண்டது. ஆட்குறைப்பு உடனே சட்டமாகும். பதிலுக்கு வேலையின்மைக் காப்பீடு விரிவாகும். கொரியத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பில் பிரதிநிதிகள் இதை நிராகரித்தார்கள், தலைமை பதவி விலகியது. சட்டம் நிறைவேறுவதை அது தடுக்கவில்லை. வேலைநிறுத்தம் நிறுத்திவைத்ததை நெருக்கடி முடித்துவைத்தது.

“காப்பீடு கிடைச்சதே தோழர், அப்புறம் என்ன குறை?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1995இல் தொடங்கியபோது 30 பேருக்குக் குறைவான நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கு உதவித்தொகை கிடையாது. 1998 ஜனவரியில் அந்த வரம்பு 10 ஆனது, மார்ச்சில் 5, அக்டோபரில் எல்லா நிறுவனங்களும் உள்ளே வந்தன. இதைச் சின்ன விஷயம்னு தள்ளிவிட முடியாது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். கிடைத்தது பழைய சம்பளத்தில் பாதி, அதுவும் சில மாதங்களுக்கு. முதலாளிக்குக் கிடைத்த ஆட்குறைப்பு அதிகாரத்துக்கோ கெடு எதுவும் இல்லை. மேலும், காப்பீடு என்பது சந்தா கட்டிய காலத்தை வைத்து இயங்குவது. நேற்று சேர்க்கப்பட்ட சிறு பட்டறைக்காரருக்குக் காட்டப் பதிவு ஏது? நாள்கூலிகள் 2004 வரை வெளியேதான் நின்றார்கள். அவர்களுக்கென்று இருந்தது 1998இன் தற்காலிகப் பொதுப்பணி.

இன்னொரு மாற்றம் சொல்லாடலில் நடந்தது. ஆட்குறைப்பு ஒருவர் எடுக்கும் முடிவு, அதை எதிர்க்கலாம். காப்பீட்டின் மொழியில் அதுவே மழை, வெள்ளம் மாதிரி ஓர் அபாயம். ஈடு மட்டுமே கேட்கலாம். நெருக்கடிக் காலத்தில் ஒரு பாதுகாப்பு அறிவிக்கப்படும்போது தொகை எவ்வளவு என்று கேட்கிறோம். எதற்குப் பதிலாக, யாரை விட்டுவிட்டு என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டியிருக்கிறது.