அரோகேரியா மரம்: நடுதலும் பேணுதலும்

டிசம்பர் மாதத்தில் நாற்றுப் பண்ணைகளில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்னும் பெயரில் தொட்டிகளில் விற்கப்படும் அழகுச் செடி, பெரும்பாலும் அரோகேரியா என்னும் ஊசியிலை மரத்தின் இளங்கன்றேயாகும். ஆண்டு முழுவதும் பசுமை மாறாததும், அடுக்கடுக்காகக் கிளை விரிப்பதும் இதன் சிறப்பு. பைன் என்று வழங்கப்படினும் இது உண்மையான பைன் அன்று. ஷான் மாநிலத்துக் கலோ மலைப்பகுதியில் காணப்படுவனவே பைன் மரங்கள். தோற்றத்தில் ஒத்திருக்கும் சவுக்கு ஊசியிலை மரவகையைச் சேர்ந்ததன்று.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கேயுள்ள நார்போக் தீவு இம்மரத்தின் தாயகம். வெப்ப நாடுகளில் அப்பெயரால் விற்கப்படுவனவற்றுள் பல, நியூ கலிடோனியாவைச் சேர்ந்த குக் அரோகேரியா என்னும் நெருங்கிய இனமாகும். இரண்டுக்கும் பராமரிப்பு ஏறத்தாழ ஒன்றே.

இடத்தேர்வு

மேசைமேல் வைக்கத்தக்க இச்செடி, நிலத்தில் நட்டால் 60 அடிக்கும் மேல் வளரக்கூடியது. தாயகத்தில் 150 அடியைக் கடந்த மரங்களும் உண்டு. 2008ஆம் ஆண்டு மே மாதம் வீசிய நர்கிஸ் புயலில் இந்நகரின் முதிர்ந்த மரங்கள் எண்ணிறந்தன வேரோடு சாய்ந்ததைக் குடியிருப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே மின்கம்பிகளின் கீழும், கழிவுநீர்க் கால்வாய் ஓரத்திலும், அயலாரின் சுவரை ஒட்டியும் இதனை நடலாகாது. கட்டடத்திலிருந்து குறைந்தது 20 அடி விலகியிருத்தல் நன்று. அத்தகைய இடம் இல்லாதோர் தொட்டியிலேயே வளர்ப்பதே முறை. வேர் தொட்டிக்குள் அடங்கியிருக்கும்வரை வளர்ச்சியும் மெதுவாகவே இருக்கும்.

மண்ணும் நீரும்

யாங்கோனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் மிகப் பெரும் பகுதி மே முதல் அக்டோபர் வரையே பொழிகிறது. இம்மரம் மழையைத் தாங்கும். வேரடியில் தேங்கும் நீரைத் தாங்காது. நீர் தேங்கினால் வேரழுகல் நோய் பற்றும். தாழ்ந்த களிமண் பகுதிகளில் வாழ்வோர், மண்ணை ஓரடி உயரத்திற்கு மேடாக்கி அதன்மேல் நடவேண்டும். தொட்டிக்குத் தோட்டமண், மணல், உமிக்கரி, மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து இடுக. அடித்துளை அடைபடாதிருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் தொட்டியின் கீழ்த்தட்டை அகற்றிவிடுக.

நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறட்சிக் காலத்தில், மேல்மண் ஓரங்குலம் காய்ந்ததும் நீர் ஊற்றுக. தண்ணீர்த் திருவிழாவையொட்டிய கடும் வெயில் நாட்களில், இளங்கன்றுகளுக்கு நண்பகல் நிழல் தேவை. நிலத்தில் நடுவதற்கு மழைக்காலத் தொடக்கமே ஏற்ற பருவம். வேர்க்கட்டி உடையாமல் நடுவது இன்றியமையாதது.

கத்தரித்தல்

உயரத்தைக் குறைக்கும் எண்ணத்துடன் நுனியை வெட்டுதல் கூடாது. நுனி இழந்த மரம் தன் சீரான கூம்பு வடிவத்தை இழந்துவிடும். காய்ந்து உதிர்ந்த கீழ்க்கிளைகளும் மீண்டும் துளிர்ப்பதில்லை. பக்கக் கிளையை வெட்டி நட்டு வேர்பிடிக்கச் செய்தாலும், அது நிமிராமல் படுக்கைவாட்டிலேயே வளரும். எனவே விதைக்கன்றுகளையே வாங்குக. வீட்டினுள் வைக்கப்பட்ட செடியை வாரந்தோறும் கால்வட்டம் திருப்பிவைத்தால் ஒருபுறம் சாயாது. மாவுப்பூச்சி, செதில்பூச்சி தென்பட்டால், சவர்க்கார நீரில் வேப்பெண்ணெய் சிறிது கலந்து மாலையில் தெளிக்கலாம்.

சாய்வும் ஆபத்தும்

குக் அரோகேரியா இயல்பாகவே நிலநடுக்கோட்டை நோக்கி, அதாவது நம் நகரில் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்து வளரும் தன்மையுடையது. பல்லாண்டுகளாக மாறாத அச்சாய்வு தானே அச்சத்திற்குரியதன்று. ஆனால் சாய்வு திடீரெனக் கூடினாலோ, அடிமண் பிளந்து வேர் மேலெழுந்தாலோ, தண்டில் வெடிப்பு தோன்றினாலோ, மரத்தினடியில் எவரையும் நிற்கவிடாது உடனே வார்டு நிர்வாக அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய மரத்தைத் தாமே வெட்ட முற்படுவது உயிருக்கும் அயலார் உடைமைக்கும் கேடு விளைவிக்கலாம். மே மாத மழைக்கு முன்பே இச்சோதனையைச் செய்துவிடுதல் ஒவ்வொரு வீட்டாருக்கும் நலம் பயக்கும்.