நிக்கான் எஃப்எம் (1977), நிக்கான் எஃப்இ (1978)

35 மி.மீ. ஃபிலிம் எஸ்எல்ஆர் கேமராக்கள், ஜப்பான். கையால் குவியம் சரிசெய்பவை.

தோற்றத்தில் இரட்டையரான இவை இரண்டும் லென்ஸ் வழியே வரும் ஒளியை அளக்கின்றன. காட்சியின் நடுவட்டத்துக்கு 60 விழுக்காடும் எஞ்சிய பகுதிக்கு 40 விழுக்காடும் முக்கியத்துவம் தருகின்றன. அளந்ததைத் தெரிவிக்கும் முறையில்தான் வேறுபாடு. எஃப்எம் வியூஃபைண்டரில் மூன்று சிவப்பு விளக்குகள் ஒளி கூடுதலா, சரியா, குறைவா என்று காட்டும். இருளிலும் அவை தெளிவாகத் தெரியும். ஆனால், எவ்வளவு கூடுதல் என்பதைத் துல்லியமாகச் சொல்லா. எஃப்இ-யில் ஷட்டர் வேக அளவுகோலின்மீது முள் நகர்வதால் அந்த அளவும் விளங்கும். லென்ஸின் திறப்பை நாம் அமைத்தால், வேகத்தை அதுவே தேர்ந்துகொள்ளவும் செய்யும்.

அப்படியானால் எஃப்இ-தான் மேலானது என்று தோன்றலாம். ஆனால், இரண்டின் ஒளி மீட்டரும் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதிக் கணக்கிடுகிறது. அதன் சொற்படி எடுத்தால் பனிவெளி மங்கும். ஒளியைப் பின்னால் கொண்ட முகம் கறுக்கும். அங்கே திருத்த வேண்டியவர் படமெடுப்பவரே. எஃப்இ-யில் அதற்கெனத் திருத்தக் குமிழ் இருப்பதே இதற்குச் சான்று. மேலும், பேட்டரி தீர்ந்தால் எஃப்இ-யில் 1/90 நொடியும் ‘பி’ அமைப்பும் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருப்பது) மட்டுமே இயங்கும். எஃப்எம்-இல் மீட்டர் மட்டும் நிற்கும், 1/1000 நொடிவரை எல்லா வேகங்களும் இயங்கும். ஆகவே, விரைவு வேண்டுபவருக்கு எஃப்இ, எந்நிலையிலும் இயங்கும் உறுதி வேண்டுபவருக்கு எஃப்எம். மீட்டர் சொல்வதை எடைபோடும் அறிவு இருவருக்கும் தேவை.