மறைவிடத்தில் தோன்றும் சிவப்பும் வீக்கமும்

கண் சிவந்தால் கண் மருத்துவரிடம் செல்கிறோம். ஈறு வீங்கினால் பல் மருத்துவரைத் தேடுகிறோம். ஆனால் பிறப்புறுப்பிலோ தொடையிடுக்கிலோ சிவப்பும் வீக்கமும் அரிப்பும் ஏற்பட்டால் நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. மருந்துக் கடையில் தணிந்த குரலில் “அரிப்புக்கு ஒரு களிம்பு” என்று கேட்டு வாங்கித் தடவிக்கொள்கிறோம். அல்லது ஏதோ தகாத நோய் வந்துவிட்டதென்று அஞ்சி மனத்துக்குள் குமைகிறோம். இரண்டுமே தவறு. இவ்விடத்தில் சிவப்பும் வீக்கமும் தோன்றப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை எளிதில் குணமாகக்கூடியவை. சில மட்டும் மணிக் கணக்கில் முற்றிவிடக்கூடியவை. அவற்றை இனம் பிரித்தறிவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அழற்சி என்பது யாது?

சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கும் அழற்சியின் அடையாளங்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் செல்சஸ் எழுதி வைத்தார். தோலில் கிருமி நுழைந்தாலும், காரமான பொருள் பட்டாலும், பூச்சி கடித்தாலும் அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருள்களை வெளியிடுகின்றன. உடனே நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதிக இரத்தம் பாய்வதால் அவ்விடம் சிவந்து சூடாகிறது. குழாய்ச் சுவர்களின் வழியே நீர் கசிந்து திசுக்களில் தேங்குவதால் வீக்கம் உண்டாகிறது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் இவ்வழியே வந்து சேர்கின்றன. ஆகவே அழற்சி என்பது உடல் தன்னைக் காத்துக்கொள்ள நடத்தும் போரே ஆகும்.

பிறப்புறுப்பின் தோல் மெல்லியது. அதன் அடியிலுள்ள திசு தளர்வானது. எனவே கையில் கடித்தால் சிறு தடிப்பை உண்டாக்கும் ஓர் எறும்பு, முன்தோலிலோ விதைப்பையிலோ கடித்தால் பார்ப்பவர் அஞ்சும் அளவுக்கு வீங்கிவிடும். வீக்கத்தின் அளவை மட்டும் கொண்டு நோயின் கடுமையைக் கணிக்க முடியாது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒவ்வாமையும் எரிச்சலும்

அளவுக்கு மீறிய தூய்மையும் கேடு செய்யும். காரமான சோப்பு, கிருமிநாசினித் திரவம், வாசனைப் பொருள்கள், மயிர் நீக்கும் களிம்பு, துணியில் அலசப்படாமல் தங்கிவிட்ட சலவைத்தூள் ஆகியவை இம்மெல்லிய தோலை அரித்துவிடுகின்றன. சிலருக்கு ஆணுறையிலுள்ள ரப்பரும், சிலருக்கு மாதவிலக்கு நாட்களில் பயன்படுத்தும் பஞ்சுப்பட்டையும் ஒவ்வாமல் போவதுண்டு. காரணமான பொருளை விலக்கினால் பெரும்பாலும் சில நாட்களில் தோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

வாயால் விழுங்கும் மருந்தும் இங்கே தடயம் பதிக்கலாம். சல்பா மருந்துகளும் சில வலிநீக்கி மாத்திரைகளும் சிலருக்கு உதட்டிலோ ஆண்குறி நுனியிலோ வட்டமான செந்நிறத் திட்டை உண்டாக்குகின்றன. மருந்தை நிறுத்தினால் திட்டு ஆறிக் கருமை படரும். மீண்டும் அதே மருந்தை உண்டால் அதே இடத்தில் திட்டு தோன்றும். இதைப் பால்வினை நோய் என்று எண்ணிக் கணவன் மனைவிக்குள் வீண் ஐயம் எழுவதும் உண்டு. எனவே மருத்துவரிடம் செல்லும்போது அண்மையில் உட்கொண்ட மாத்திரைகளின் பெயர்களையும் சொல்ல வேண்டும்.

காளான்களின் குடியிருப்பு

வெப்பம், வியர்வை, காற்றுப் புகாத இறுக்கமான உடை ஆகிய மூன்றும் சேர்ந்தால் தொடையிடுக்கு காளான்களுக்கு ஏற்ற நிலமாகிவிடுகிறது. இங்கு இரு வகைக் காளான்கள் முக்கியமானவை.

ஒன்று படர்தாமரையை உண்டாக்குவது. இது தோலின் மேற்பரப்பிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தை உண்டு வாழ்கிறது. ஓரிடத்தில் தொடங்கி வெளிநோக்கிப் பரவுவதால் விளிம்பு சிவந்து தடித்தும், நடுப்பகுதி சற்றுத் தெளிந்தும் வளையம் போல் காட்சியளிக்கும். இது பெரும்பாலும் விதைப்பையைத் தொடாமல் தொடையிலேயே படரும்.

மற்றொன்று காண்டிடா. இது நம் குடலிலும் பெண்களின் யோனியிலும் சிறு அளவில் இயல்பாகவே வாழ்வது. யோனியில் வாழும் லேக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியங்கள் அமிலத்தை உண்டாக்கி மற்ற உயிரிகளை அடக்கி வைக்கின்றன. வேறு நோய்க்காக உண்ணும் கிருமிக்கொல்லி மருந்து இந்நல்ல பாக்டீரியங்களையும் அழித்துவிட்டால் காண்டிடா பல்கிப் பெருகும். அப்போது கடும் அரிப்பும், சிவப்பும், தயிர்த்திப்பி போன்ற வெள்ளைப்படுதலும் தோன்றும். ஆண்களுக்கு முன்தோல் சிவந்து வெடிக்கும். விதைப்பையும் சிவக்கும். சிவந்த பரப்பைச் சுற்றிச் சிறு சிறு கொப்புளங்கள் தனித்தனியே காணப்படும்.

காண்டிடா அடிக்கடி வருமானால் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் வாழும் பலருக்கு முதல் எச்சரிக்கை இவ்வாறுதான் வருகிறது. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் டாபாக்ளிபுளோசின், எம்பாக்ளிபுளோசின் போன்ற மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் இத்தொல்லையை உண்டாக்கலாம். ஆயினும் அவற்றைத் தாமாக நிறுத்தக்கூடாது. மருத்துவரிடம் தெரிவித்தால் அவர் வழி கூறுவார்.

களிம்பு செய்யும் கேடு

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமுள்ள ஸ்டீராய்டுகள் கலந்திருக்கின்றன. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். எனவே இரண்டே நாட்களில் சிவப்பும் அரிப்பும் குறைகின்றன. நோயாளியும் மகிழ்கிறார். ஆனால் காளான் சாகவில்லை. அதை எதிர்த்துப் போரிட்ட படை மட்டுமே கலைக்கப்பட்டது. தடையின்றிக் காளான் வயிறு, பிட்டம், முதுகு எனப் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் அரிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. மீண்டும் அதே களிம்பு. நாளடைவில் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் அழியாத வரித்தழும்புகள் விழுகின்றன.

இந்தியாவில் அண்மைக்காலத்தில் படர்தாமரை எளிதில் குணமாகாத நோயாகிவிட்டதற்கு இக்களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் கூறுகின்றனர். வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒரு காளான் இனத்துக்கு 2020இல் இந்தியாவின் பெயரையே சேர்த்து ‘ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே’ எனப் பெயரிட்டுள்ளனர். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என மத்திய அரசு 2018இல் விதி செய்தது. விதி இருந்தால் போதாது. வாங்குவோரும் உணர வேண்டும்.

தொற்றிப் பரவும் நோய்கள்

சொறி சிரங்கை உண்டாக்கும் உண்ணி அரை மில்லிமீட்டரிலும் சிறியது. தோலைத் துளைத்து உள்ளே வாழ்வது. ஆண்குறியிலும் விதைப்பையிலும் சிவந்த முடிச்சுகளாகத் தோன்றி இரவில் கடுமையாக அரிக்கும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து பூசினால்தான் ஒழியும்.

பால்வினை நோய்களும் இங்கு அழற்சியை உண்டாக்குகின்றன. நெய்ஸர் 1879இல் கண்டறிந்த பாக்டீரியம் வெட்டை நோயை விளைவிக்கிறது. சீழும் சிறுநீர் எரிச்சலும் இதன் குறிகள். ஹெர்ப்பிஸ் வைரஸ் வலிமிக்க கொப்புளக் கொத்தை உண்டாக்கும். ஷாடின், ஹாஃப்மன் இருவரும் 1905இல் கண்டறிந்த கிருமியால் வரும் கிரந்திப் புண்ணோ பெரும்பாலும் வலிப்பதில்லை. தானாகவே ஆறியும் விடும். அங்கேதான் ஆபத்து. புண் ஆறினாலும் நோய் உடலுக்குள் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். கருவிலுள்ள குழந்தையையும் பாதிக்கலாம். இன்றும் பெனிசிலின் ஊசியால் இதைக் குணப்படுத்த முடியும். இந்நோய்களுக்குத் துணைவரும் சேர்ந்து மருத்துவம் செய்துகொள்வது இன்றியமையாதது.

பெண்களுக்கு யோனி வாயிலின் இருபுறமும் பார்தொலின் சுரப்பிகள் உள்ளன. இவற்றின் குழாய் அடைபட்டுச் சீழ் கட்டினால் ஒருபுறம் மட்டும் வீங்கி, உட்காரவும் நடக்கவும் இயலாத வலி உண்டாகும். சிறு அறுவையால் இது தீரும்.

விதைப்பை வீங்கினால்

வலியின்றி மெல்ல மெல்லப் பெருகும் விதைப்பை வீக்கத்துக்கு ஓதம் எனப்படும் நீர்க்கோப்பு, குடலிறக்கம் ஆகியவை காரணமாகலாம். யானைக்கால் நோயின் புழுக்கள் நிணநீர்க் குழாய்களைக் கெடுப்பதாலும் ஓதம் உண்டாகிறது. இப்புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதை மான்சன் 1877இல் சீனாவில் கண்டறிந்தார். இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. விதையிலேயே கெட்டியான கட்டி தென்பட்டால், வலி இல்லாவிட்டாலும் காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

திடீரென வலியோடு வரும் வீக்கம் வேறு வகை. விதை ஒரு கொடியில் தொங்குகிறது. இரத்தக் குழாய்கள் அதன் வழியே செல்கின்றன. சில சமயம் விதை சுழன்று கொடி முறுக்கிக்கொள்கிறது. இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. 12 முதல் 18 வயதுக்குட்பட்டோரிடம் இது அதிகம். தூக்கத்திலும் நேரலாம். கடும் வலி, வாந்தி, மேலேறி நிற்கும் விதை ஆகியவை குறிகள். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அறுவை மூலம் முறுக்கை நீக்கினால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம். ஒரு நாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் அதை இழக்க நேரிடும். கூச்சப்படும் சிறுவன் “வயிறு வலிக்கிறது” என்று மட்டுமே சொல்லக்கூடும். பெற்றோர் தயங்காமல் விசாரிக்க வேண்டும். பொன்னுக்கு வீங்கி நோயாலும் கிருமித் தொற்றாலும் விதை வீங்குவது உண்டு. ஆயினும் முறுக்கு இல்லை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பின்னுக்குத் தள்ளிய முன்தோல் திரும்பாமல் இறுகி வீங்குவதும் அவசர நிலையே. சர்க்கரை நோயாளிகளுக்கு அரிதாக, தோலுக்கடியில் தசையை அழுகச் செய்யும் கடும் தொற்று பரவுவதுண்டு. பாரிஸ் மருத்துவர் ஃபோர்னியே 1883இல் இதை விளக்கினார். காய்ச்சல், பொறுக்க முடியாத வலி, கருத்துப் போகும் தோல், துர்நாற்றம் ஆகியவை தோன்றினால் ஒரு மணி நேரமும் வீணாக்கலாகாது.

செய்ய வேண்டியவை

வெறும் நீராலோ மென்மையான சோப்பாலோ கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். தளர்ந்த பருத்தி உள்ளாடையை அணிந்து நாள்தோறும் மாற்ற வேண்டும். துவைத்ததை வெயிலில் உலர்த்த வேண்டும். பிறருடைய துண்டைப் பயன்படுத்தக் கூடாது. வெந்நீர் ஒத்தடம், எலுமிச்சைச் சாறு, பிறருக்கு எழுதித் தந்த களிம்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மருந்தைத் தோல் தெளிந்ததும் நிறுத்தாமல் மருத்துவர் குறித்த நாள் வரை பயன்படுத்த வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவும் பால்வினை நோய்ப் பிரிவும் இதற்கென்றே உள்ளன. அங்குள்ள மருத்துவருக்கு இவ்வுறுப்பும் கண், காது போன்ற ஓர் உறுப்பே. நாமும் அவ்வாறே கருதப் பழகினால் பாதி நோய் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும்.