பரணிலிருந்து இறங்கிய பின்னல் ஊசிகள்

டில்லியில் இருந்தபோது, குளிர்கால வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமியிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டேன். சென்னைக்கு மாற்றலானதும் ஊசிகள் பரணுக்குப் போயின. இருபத்திரண்டு வருஷம்!

இப்போது அமெரிக்காவில் மகளுக்கு ஏழாம் மாதம். "கடையில எல்லாம் கிடைக்கும்மா. ஆனா குழந்தைக்கு முதல்ல நீ பின்னினதைத்தான் போடணும்" என்று, அங்கிருந்தே மாதிரியும் அனுப்பிவிட்டாள். பரபரவென்று பின்னினேன். முதுகுப் பாகம் பொம்மைக்குத்தான் ஆகும் போலிருந்தது! அத்தனையும் அவிழ்த்தபோது அழுகையே வந்துவிட்டது.

கோளாறு ஊசி நம்பரில். நம் பழைய 8-ம் நம்பர் ஊசி 4 மி.மீ. தடிமன்; அமெரிக்க 8-ம் நம்பரோ 5 மி.மீ. நம்மிடம் நம்பர் கூடினால் ஊசி மெலியும், அங்கே தடிக்கும். மி.மீ. அளவைப் பார்த்தே வாங்குங்கள்.

தவிர, வருஷக்கணக்கில் விட்ட கைக்கு நூலின் இழுப்பு மாறிப்போயிருக்கும். முதலில் நாலங்குலத்துக்குச் சற்றுப் பெரிய சதுரம் பின்னி, நனைத்து உலர்த்தி, நடுவே நாலங்குலத்துக்குள் எத்தனை கண்கள் என்று எண்ணுங்கள். மாதிரியில் உள்ளதைவிட அதிகமா? தடித்த ஊசி எடுங்கள். குறைவா? மெல்லியது. விரல் மூட்டு வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மூட்டை கட்டிவிடுங்கள்.

அந்த நாளில் கழுத்தில் நாடா கோப்போம். வேண்டாம்; கழுத்தை இறுக்கிவிடும். பித்தானையும் இழுத்தால் வராதபடி அழுத்தமாகத் தையுங்கள்.

நேற்று வலது கை முடிந்தது. இடது கை பாக்கி. மகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது.