'பிபிசி சொல்லுச்சாப்பா?'

குரங்கணி டீக்கடை. போன மார்ச் மாதம். காலை ஏழரை மணி போடி பஸ்ஸுக்காக நான் நிற்கிறேன். ஒரு பையன் செல்போனை நீட்டிக்கொண்டே ஓடி வருகிறான்.

"மேல மறுபடியும் தீ பிடிச்சிருச்சாம்ணே! போட்டோ வந்திருக்கு!"

கடையே எழுந்து நின்று மலையைப் பார்க்கிறது. மலையில் மேகம்தான் இருக்கிறது. புகையைக் காணோம். பெஞ்சில் இருந்த என் பெரியப்பா மட்டும் நகரவில்லை. ஏலத் தோட்டத்தில் முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையாகக் காலம் தள்ளியவர். டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுக் கேட்டார்:

"ஏப்பா... பிபிசி சொல்லுச்சா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அரைமணி நேரத்தில் தெரிந்தது, அது 2018-ல் எடுத்த பழைய படம். எந்தப் புண்ணியவானோ புதுசாக அனுப்பியிருக்கிறான்!

பெரியப்பாவுக்கு பிபிசி என்றால் தமிழோசை. அப்புறம் மார்க் டல்லி. தோட்டத்து லயத்தில் ராத்திரி டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்ட பெயர். பெயரில்தான் 'டல்', ஆள் அப்படி இல்லை!

அந்த ஆளைப் பற்றி ஆபீஸ் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் விஷயம், அவரும் நம்ம சாதிதான். அதாவது, ஃபைல் சாதி. 1964-ல் பிபிசியில் சேர்ந்தது நிருபராக அல்ல, நிர்வாகப் பிரிவில். 1965-ல் டெல்லிக்கு அனுப்பியதும் ஆபீஸ் காரியம் பார்க்கத்தான். அங்கிருந்து மெல்ல மைக் பக்கம் நகர்ந்து, இருபது வருஷத்துக்கும் மேல் பிபிசியின் டெல்லி அலுவலகத்துக்கே தலைவராக இருந்தார். (நம்மை ஸ்டோர்ஸிலிருந்து அக்கவுண்ட்ஸுக்கு மாற்றவே மூன்று வருஷம் ஆகிறது. அது வேறு கதை.)

பிறந்தது 1935-ல், கல்கத்தாவில். அப்பா வெள்ளைக்கார கம்பெனி ஒன்றில் பெரிய புள்ளி. டிரைவரிடம் ஹிந்தியில் ஒன்று, இரண்டு எண்ணக் கற்றுக்கொண்ட பொடியனை, 'அது வேலைக்காரர்கள் பாஷை' என்று அதட்டினாளாம் ஆயா. அந்தப் பொடியன்தான் பின்னால் ஹிந்தியில் சரளமாகப் பேசிக்கொண்டு உத்தரப் பிரதேசத்து கிராமம் கிராமமாக அலைந்தார். நடுவில் கேம்பிரிட்ஜில் இறையியல் படித்து, பாதிரியாராகவும் முயன்று பார்த்து விட்டுவிட்டார்.

1971 பங்களாதேஷ் யுத்தம், பூட்டோ தூக்கிலிடப்பட்டது, போபால் விஷவாயு... எல்லாவற்றிலும் அந்தக் குரல் இருந்தது. 1975 நெருக்கடி நிலையில் சர்க்கார் அவரை நாட்டைவிட்டே கிளப்பியது. நிலைமை மாறியதும் திரும்பி வந்தார்.

1984 அக்டோபர் 31. இந்திரா காந்தி சுடப்பட்டார். நம் ரேடியோ சாயங்காலம் வரை மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது, மரணச் செய்தியை பிபிசி பல மணி நேரம் முன்பே சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பிபிசியைத் திருப்பித்தான் உறுதி செய்துகொண்டார் என்று சொல்வதுண்டு. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு டல்லி டெல்லியிலேயே இல்லை! முசூரியில் இருந்தார். செய்தியைப் பிடித்தவர் அவருடைய சகா சதீஷ் ஜேக்கப். ஆனாலும் ஊரெல்லாம் 'மார்க் டல்லி சொல்லிட்டாரு' என்றுதான் பேச்சு.

நம்பிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1992 டிசம்பரில் அயோத்தியில் ஒரு கூட்டம் அவர் பெயரைச் சொல்லியே 'ஒழிக' கோஷம் போட்டு, அவரை ஓர் அறையில் பூட்டி வைத்தது. மீட்க உதவியவர்களில் ஒரு கோயில் பூசாரியும் இருந்தார்.

இப்போது புத்தகங்களுக்கு வருவோம். பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். நியூஸ் என்பது நாளேடு, அன்றன்றைக்கு நடந்ததை எழுதி மூடுவது. யார் பெயரில் எவ்வளவு பாக்கி என்று தெரிய பேரேட்டைத்தான் புரட்ட வேண்டும். டல்லியின் புத்தகங்கள் பேரேடு.

சதீஷ் ஜேக்கபுடன் சேர்ந்து 1985-ல் எழுதிய முதல் புத்தகம், அமிர்தசரஸ் பொற்கோயில் ராணுவ நடவடிக்கை பற்றியது. பெரிய விவகாரம், பெரிய தலைகள். ஆனால் 1991-ல் வந்த 'நோ ஃபுல் ஸ்டாப்ஸ் இன் இந்தியா'வைத் திறந்தால் முதல் அத்தியாயமே அவர் வீட்டு வேலைக்காரர் ராம் சந்தர் கதை! ரேடியோவில் இரண்டு நிமிஷம்கூடக் கிடைக்காத மனிதர் புத்தகத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கும்பமேளா உண்டு. நம்ம மாமல்லபுரமும் உண்டு, கல் செதுக்க வந்த பிரிட்டிஷ் சிற்பி ஸ்டீபன் காக்ஸ் வழியாக.

குறை சொல்லாமலும் இருக்க முடியாது. 'மேல்நாட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டு இந்தியாவை அளக்காதே' என்று அவர் சண்டை போடுவது நியாயம். அந்த வேகத்தில் சாதிக்கும் கொஞ்சம் வக்காலத்து வாங்கிவிடுகிறார். ஊருக்கு வெளியே குடியிருப்பவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.

1993-ல் பிபிசி மேலிடத்தைப் பற்றி, 'பயமுறுத்தி நிர்வாகம் நடத்துகிறார்கள்' என்று மேடையிலேயே போட்டு உடைத்தார். 1994-ல் ராஜினாமா. முப்பது வருஷ வேலை! வயது ஐம்பத்தெட்டு. நம்ம ஊரில் ரிட்டயர்மெண்ட் பார்ட்டிக்கு மிக்சர் வாங்கும் வயது. அவர் டெல்லி நிஜாமுதீனில் உட்கார்ந்து எழுதினார். 1995-ல் 'தி ஹார்ட் ஆஃப் இந்தியா', கிராமத்துச் சிறுகதைகள். 2017-லும் அதே கிழக்கு உத்தரப் பிரதேசத்துக் கதைகள்தான், 'அப்கன்ட்ரி டேல்ஸ்'. எண்பது தாண்டிய பிறகும் ஆள் அந்த ஊரைவிட்டு வெளியே வரவில்லை!

இதையெல்லாம் டீக்கடையில் நான் அளந்துகொண்டிருந்தபோது ஒருத்தர் மூலையில் கேட்டுக்கொண்டிருந்தார். 2018 மார்ச் 11. மலையேற வந்தவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன அன்று, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஓடியவர்களில் இவரும் ஒருவர். ஹெலிகாப்டர், மந்திரி, கேமரா எல்லாம் அப்புறம் வந்தவை. சில நாளில் போயும்விட்டன.

"டிவிக்காரங்க என்னண்ணே கேட்டாங்க?" என்றேன்.

"எத்தனை பேருன்னு கேட்டாங்க."

"வேற?"

"அம்புட்டுத்தான். எண்ணிக்கிட்டா தம்பி தூக்குவோம்?"

ஏழரை பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பெரியப்பா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடுத்த பஸ் பத்தரைக்குத்தான்" என்றார்.

மூலையிலிருந்தவர் தள்ளி உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டார். "மொதல்ல டீயச் சொல்லுங்க தம்பி. இது வெரசா முடியாது."