கொக்கியை எங்கே மாட்டுவது?

பழைய கார்கள் நடுவழியில் நிற்பது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களுக்காகத்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கண்டன்சர் செத்துப்போகும். பிளாட்டினம் பாயிண்ட் கருகும். ஃபேன் பெல்ட் அறுந்துவிடும். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறி ஏர்லாக் ஆகும். பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் வண்டி தானாகக் கிளம்பிவிடும். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன தொல்லைகள். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

பெரிய செலவு அதற்கப்புறம்தான் வருகிறது, ரெக்கவரி வண்டியில் ஏறி.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்பா வாங்கிய பத்மினியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். மேல்மருவத்தூரைத் தாண்டியதும் வண்டி இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் இல்லை. மாற்றுக் கண்டன்சர் கையில் இல்லாததால் ஓர் உதவி எண்ணுக்கு போன் செய்தார். வந்தது, தளம் முழுவதும் பின்னால் இறங்கிச் சாய்கிற ஃபிளாட்பெட் லாரி. நல்ல வண்டிதான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். இறங்கிய பையன் குனிந்து பார்த்தான். கைக்கு எட்டிய கம்பியில் கொக்கியை மாட்டினான், வின்ச்சை ஓட்டினான்.

"தம்பி, நிறுத்துப்பா! அது டை ராட்!"

"ஒண்ணும் ஆகாது சார். தினம் இதே வேலைதான்."

ஆகிவிட்டது. ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற அந்தக் கம்பி வளைந்து, முன்சக்கரம் ஒருபக்கமாகத் திரும்பி, கார் கோணலாக ஏறி, குரோம் பம்பரின் ஒரு முனை லாரித் தளத்தின் ஓரத்தில் மோதி மடங்கியது. ஒர்க்‌ஷாப்பில் கண்டன்சரை மாற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை. டை ராட், அலைன்மென்ட், டிங்கரிங், குரோம் பூச்சு என்று மற்றவற்றுக்கு வாரக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது.

அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை என்பது என் கட்சி. அவன் தினம் ஏற்றுகிற கார்களில் பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து, டிக்கியில் கருவிப் பையோடு இருக்கும் இழுப்பு வளையத்தை முறுக்கிப் பொருத்தி, கொக்கியை அதில் மாட்டினால் வேலை முடிந்தது. பத்மினியில் அந்த மூடியைத் தேடினால் எங்கே கிடைக்கும்? பத்மினியின் உற்பத்தி 2001-லேயே முடிந்துவிட்டது. உத்தர்பாராவில் கடைசி அம்பாசடர் வெளிவந்தது 2014-இல். இன்றைக்கு ரெக்கவரி வேலைக்கு வருகிற இருபது வயதுக்காரர் இந்த வண்டிகளின் அடிவயிற்றைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததுமில்லை.

ரெக்கவரி வண்டியின் பூர்வகதையைக் கொஞ்சம் பார்த்தால் இன்னொன்றும் புரியும். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா ஊரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற ஒர்க்‌ஷாப்காரர், ஓடைக்குள் கவிழ்ந்துகிடந்த ஃபோர்டு மாடல் டி ஒன்றை ஆட்களையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போராடி வெளியே எடுத்தார். அந்த அலுப்பில்தான் ஒரு பழைய காடிலாக்கின் சட்டத்தில் மூன்று கம்பங்கள், ஒரு கப்பி, ஒரு சங்கிலி பொருத்தி, 1916 வாக்கில் முதல் இழுவை வண்டியைச் செய்தார். அந்த ஊரில் இப்போது இந்தத் தொழிலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஓடையில் விழுந்த காரை வெளியே எடுப்பதற்காகப் பிறந்த கருவி இது. கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் யோசனையெல்லாம் பின்னால் வந்தது. நம் ஊர் நெடுஞ்சாலையில் அந்த முதல் நோக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்கு போன் செய்தால் சுங்கச்சாவடியிலிருந்து கிரேன் வரும். அவர்களுடைய தலையாய வேலை சாலையைச் சீக்கிரம் காலிசெய்வது. அதில் தப்பில்லை. நம் காரின் குரோமைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் நாம்தான்.

ஃபிளாட்பெட் கிடைக்காவிட்டால் ஆபத்து வேறு வடிவத்தில் வரும். முன்சக்கரங்களை மட்டும் தூக்கிக்கொண்டு, பின்சக்கரங்கள் சாலையில் உருள இழுத்துப்போகிற வண்டிகள் இருக்கின்றன. மாருதி 800-க்கு அது பொருந்தும். அதில் எஞ்சின் ஓட்டுவது முன்சக்கரத்தை, பின்சக்கரம் சும்மா உருள்வது. அம்பாசடர், பத்மினி, கான்டெஸா மூன்றிலும் எஞ்சின் ஓட்டுவது பின்சக்கரத்தை. அது உருண்டால் புரப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும், கூடவே கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டும் சுற்றும். எஞ்சின் ஓடாததால், கியர் நியூட்ரலில் இருக்கும்போது அடியிலிருக்கும் லே ஷாஃப்ட் அசையாது. ஆயிலை வாரி மேலே இறைப்பதே அந்த லே ஷாஃப்ட்தான். ஆக, மேலே இருப்பது ஆயிலில்லாமல் சுற்றிக்கொண்டே வரும். தெருமுனை வரை போனால் ஒன்றுமில்லை. திண்டிவனத்திலிருந்து சென்னை வரை போனால் பேரிங் பாடு திண்டாட்டம்தான். 'நியூட்ரல்லதான் சார் இருக்கு' என்று டிரைவர் சொல்வது உண்மை, ஆனால் போதாது. டிஃபரன்ஷியல் பக்கம் இருக்கும் நான்கு நட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டைக் கம்பியால் மேலே கட்டிவிட்டால் பிரச்னை தீர்ந்தது. கழற்றுமுன் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் திரும்ப அதே நிலையில் மாட்டலாம். பழைய மெக்கானிக்குகள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

கயிறு கட்டி இழுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வண்டிக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. என்னைக் கேட்டால் அவசரத்துக்குப் பக்கத்து பெட்ரோல் பங்க் வரை, அவ்வளவுதான்.

இத்தனையையும் சரியாகச் செய்தாலும் ஒரு சத்துரு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. துரு. அம்பாசடருக்குத் தனிச் சட்டம் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து வந்த அதன் உடம்பு ஒரே கூடு. தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிகளும்தான் எடை தாங்குகின்றன. மழைநீர் தேங்கி முதலில் அரிக்கப்படுவதும் அவையே. மேலே பளபளவென்று பெயின்ட், அதற்குக் கீழே புட்டி, புட்டிக்குக் கீழே சல்லடை. இப்படிப்பட்ட வண்டிகள் நம்மிடம் நிறைய. அந்த இடத்தில் கொக்கியோ சங்கிலியோ இழுத்தால் தகடு பிய்ந்துகொண்டு வரும். வண்டலூர் பக்கம் 1960-களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் உண்டு, அந்த வகையில் பிழைத்தது. ஆனால் அதன் பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். அதன் குறுக்கே பெல்ட்டைப் போட்டு இறுக்கினால் அதோகதி.

தகராறு வெடிப்பதும் துருவில்தான். 'உங்க வண்டி ஏற்கெனவே உளுத்துப்போயிருந்தது' என்பார்கள். பல நேரம் அது முழுப் பொய்யாகவும் இருக்காது. உளுத்த தகடாகவே இருக்கட்டும், அதில் கொக்கியை மாட்டியது யார் என்ற கேள்வி பதிலில்லாமல் போய்விடும். நீங்கள் போன் செய்த எண் ஒரு நிறுவனத்துடையது. அது வேலையை இன்னொருவருக்குக் கொடுத்திருக்கும். அவர் தனக்குத் தெரிந்த லாரி உரிமையாளருக்குத் தள்ளியிருப்பார். லாரியில் வந்த டிரைவருக்கு வரும்படி ட்ரிப் கணக்கில். பொறுமையாகக் கட்டை வைத்து, வின்ச்சை மெள்ள இழுத்து ஏற்றினால் அவருக்கு அடுத்த ட்ரிப் போய்விடும். நேரத்துக்குக் கூலி கொடுக்காமல் நிதானத்தை எதிர்பார்க்கிற இந்த ஏற்பாட்டைத்தான் நான் முதல் குற்றவாளி என்பேன்.

சரி, இன்ஷூரன்ஸ் தருமா? பல பழைய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருக்கிறது. அவற்றின் உரிமையாளர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு உள்ளவர்கள் பாலிசியை எடுத்துப் படித்தால் ஒரு வரி கண்ணில் படும். சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் இவற்றில் கொண்டுசெல்லும்போது வண்டிக்கு ஏற்படும் சேதமும் பாதுகாப்புக்குள் வரும் என்று அது சொல்லும். விமானம் வரை யோசித்திருக்கிறார்கள்! ஆக, லாரியில் ஏற்றிப்போகும்போது நேர்ந்த சேதத்துக்குக் கோர வழி உண்டு. இயந்திரக் கோளாறு மட்டும் அதில் சேராது. கண்டன்சருக்குக் காசு கேட்க முடியாது, பம்பருக்குக் கேட்கலாம்.

கேட்கலாம், ஆனால் கைக்கு வருவது குறைவு. பத்து வயதைத் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் எப்போதுமே 50 சதவீதம். 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். அதற்கும் மேல், கோரிக்கை வைத்தால் சேர்த்துவைத்திருந்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். சின்னச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் பக்கம் போகாமல் இருப்பதே லாபம். பெரிய சேதத்துக்கு ஐ.டி.வி. என்கிற காப்பீட்டு மதிப்பு முக்கியம். ஐந்து வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு அந்த மதிப்பை நிறுவனமும் நாமும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். புதுப்பிக்கும்போது முகவர் போட்ட தொகைக்குத் தலையாட்டிவிட்டுப் பிறகு புலம்புகிறவர்களே அதிகம். ஐம்பது வயது தாண்டிய கார்களுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்து, 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் பலகை தருகிறது. வண்டியின் பழமைக்கு அது ஒரு நல்ல சான்று. ஆனால் அந்தப் பதிவில் இருக்கும் காரை அன்றாடம் ஓட்ட முடியாது.

ரெக்கவரிக்காரரிடமே கேட்பதற்குச் சட்டம் இடம் தருகிறதா என்றால், தாராளமாகத் தருகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151-ஆம் பிரிவு. ஒருவர் ஒப்படைத்த பொருளை, அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளைச் சாதாரண விவேகமுள்ள மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சொந்தக் கார் என்றால் டை ராடில் கொக்கி மாட்டியிருப்பாரா? ரசீதின் அடியில் 'உரிமையாளரின் பொறுப்பில்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அப்படி அச்சடித்திருந்தாலும், காசு வாங்கிச் செய்த சேவையில் குறை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த கட்டணத்தை வைத்துத்தான் எந்த ஆணையம் என்று பார்க்கிறார்கள் என்பதால் இது மாவட்ட ஆணையத்தின் வேலை. ஐந்து லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் பதிவுசெய்தாலே சில நிறுவனங்கள் பேச வருவதுண்டு.

ஆனால் ஆணையத்தில் கேட்கப்போவது ஒரே கேள்வி: ஏற்றுமுன் வண்டி எப்படி இருந்தது? அதற்குப் பதில் உங்கள் போனில் இருக்க வேண்டும். நான்கு பக்கமும், இரண்டு பம்பரும், அடிப்பக்கமும் படம் எடுங்கள். ஏற்றுவதை வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது, அதைப் பார்த்ததுமே ஏற்றுகிறவரின் கைக்கு ஒரு நிதானம் வந்துவிடுகிறது. போன் செய்யும்போதே 'பின்சக்கர வண்டி, பழசு, ஃபிளாட்பெட்தான் வேண்டும்' என்று சொல்லி, அதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். கொக்கியை எங்கே மாட்டலாம் என்பதை உங்கள் மெக்கானிக்கிடம் வண்டி நன்றாக ஓடுகிற நாளிலேயே கேட்டு, அந்த இடத்தில் மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறியபின் பெல்ட் சக்கரங்களைச் சுற்றித்தான் வர வேண்டும், உடம்பையோ அச்சையோ சங்கிலியால் இறுக்கக் கூடாது. உடம்பை இறுக்கியிருந்தால், பள்ளத்தில் லாரி குதிக்கும்போது ஸ்பிரிங் அமுங்கிச் சங்கிலி தளரும், மறுநொடி வெடுக்கென்று இழுக்கும். ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு சம்மட்டி அடி.

டிரைவருக்கு ட்ரிப் காசுக்கு மேல் ஏதாவது கொடுக்க நினைத்தால் ஏற்றுவதற்கு முன்பே கொடுங்கள். 'அவசரமில்லை தம்பி, மெதுவா ஏத்துங்க' என்று சொல்லிக் கொடுக்கிற இருநூறு ரூபாய், புதுப்பேட்டையில் பம்பர் தேடி அலைகிற நாளை மிச்சப்படுத்தும்.

ரெக்கவரி நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வண்டி எண்ணையும் நிற்கும் இடத்தையும் கேட்கிறீர்கள், தயாரான வருடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அதில் 2000-க்கு முந்தைய வருடம் வந்தால் அனுபவமுள்ள ஆளை அனுப்புங்கள், கூடுதல் கட்டணம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் அதைக் கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

வாசகர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை இறக்கியதும் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளை நீட்டுவார்கள். இருட்டாக இருந்தாலும், மழை பெய்தாலும், டார்ச் அடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சேதம் இருந்தால் அதை அந்தத் தாளிலேயே எழுதிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.