போனவரும் வந்தவரும்

இங்கிலாந்தின் கீழ்க்கரையிலே, லிங்கன்ஷயர் பகுதியில், பொஸ்டன் என்றொரு சிறு நகர் உண்டு. ஏறக்குறைய இருநூற்றெழுபது அடி உயர்ந்த அதன் தேவாலயக் கோபுரம் சமதரையான வயல்வெளிகளில் நெடுந்தூரம் வரை தெரியும். நாடு விட்டு நாடு செல்வோரின் கதையை ஒரே ஊரிற் படிக்க விரும்பும் மாணவர்க்கு இதனிலும் ஏற்ற இடம் அரிது.

1607ஆம் ஆண்டில், தம் மனச்சாட்சிப்படி இறைவனை வழிபட விரும்பிய ஒரு கூட்டத்தார், இவ்வூரருகே ஒல்லாந்துக்கு இரகசியமாகக் கப்பலேற முயன்றனர். கப்பற்றலைவனே அவர்களைக் காட்டிக்கொடுத்தான். அகப்பட்டோர் பொஸ்டனிற் சிறைவைக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு எப்படியோ ஒல்லாந்து சேர்ந்த அவர்களுட் சிலர், 1620இல் மேபிளவர் என்னும் கப்பலில் அமெரிக்கா சென்றனர். 1630இல் அங்கே தோன்றிய மாநகரொன்றும் இவ்வூரின் பெயரையே தாங்கிற்று.

பின்னர் காலச்சக்கரம் சுழன்றது. 2004 மே 1ஆம் திகதி போலந்து, லித்துவேனியா முதலிய பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தன. கிழக்கைரோப்பியத் தொழிலாளருக்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஏழாண்டுகள் கதவடைத்திருந்தன. பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்றும் உடனே திறந்தன. ஆண்டுதோறும் கூடுவோர் 13,000 பேருக்கு மேற்படார் என்றது பிரித்தானிய அரசாங்கம் கேட்டுப் பெற்ற மதிப்பீடு. வந்தோரோ அதனிற் பன்மடங்கினர்.

பொஸ்டனின் கோவா, பூக்கோவாத் தோட்டங்களுக்கு வெட்டவும் கட்டவும் கைகள் வேண்டியிருந்தன. 2001இல் ஏறக்குறைய 55,750 ஆயிருந்த சனத்தொகை 2011இல் 64,600 ஆயிற்று. ஆனால், வந்தவை கைகள் மாத்திரமல்ல, மனிதர் வந்தனர். மனிதருக்கு வீடு வேண்டும், பிள்ளைக்குப் பள்ளி வேண்டும், நோய்க்கு வைத்தியர் வேண்டும். தோட்டங்கள் செழித்த வேகத்தில் இவை பெருகவில்லை என்பதே பழங்குடிகளின் முறைப்பாடு. அதனை வெறுந் துவேஷமென்று தள்ளிவிடுதல் நீதியாகாது. வந்தவர் மீதே பழியைச் சுமத்துதலும் நீதியாகாது.

2016 ஜூன் 23ஆம் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பில், ஒன்றியத்தை விட்டு விலக வேண்டுமென்றோர் நாடெங்கும் 51.9 வீதத்தினர். பொஸ்டனிலோ 75.6 வீதத்தினர், நாட்டிலேயே அதியுயர்ந்த தொகை இதுதான். 2020ஆம் ஆண்டின் முடிவோடு தடையற்ற போக்குவரவும் முடிந்தது. அதற்குமுன் குடியேறியோர் தங்கியிருக்க உரிமை பெற்றனர்.

ஆயினும், கோவா தானாக அறுபடுவதில்லையே! 2019இல் தொடங்கிய பருவகால அனுமதியின்கீழ், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெக்கிஸ்தான் போன்ற தொலைதேசத்தார் இங்கிலாந்தின் தோட்டங்களுக்கு வருகின்றனர். தங்கக்கூடியது ஆறு மாதம். மனைவி மக்களை அழைத்து வருதல் இயலாது. முன்னர் வந்தவர் அயலவராயினர். இப்பொழுது வருபவரோ, அயலார் பெயர் கேட்குமுன் திரும்பிவிடுகின்றனர்.

அன்று போக விரும்பினோரைச் சட்டம் தடுத்தது. பின்பு, வர விரும்பினோரைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்றது அதே ஊர். உழைப்பை மட்டும் வரவேற்று உழைப்பவனை வாசலில் நிறுத்தலாமா? இவ்வினாவுக்கு வாக்குப் பெட்டி இன்னும் விடை கூறவில்லை.